எட்டோரே புகாட்டி: புகழும் பொருளும்

ஒரு தொழிலுக்குப் புகழும் பொருளும் வண்டியின் இரு சக்கரங்கள் போல்வன. ஒன்று பெருத்து மற்றொன்று சிறுத்தால் வண்டி நேரே செல்லாது. நின்ற இடத்திலேயே சுற்றும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் பட்டறிந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க எம்மைத் தூண்டியது எம் விடுதியில் ஓரிரவு உணவுக்குப்பின் எழுந்த ஒரு வழக்கே. மோட்டார்க் கம்பெனிகள் சில, கோடிக்கணக்கில் விலைபெறும் ஊர்திகளை விரல்விட்டு எண்ணும் அளவிற் கட்டி, உலகோர் வியக்க நிறுத்துகின்றன. அவற்றை வாங்க வல்லார் மிகச் சிலர். அத்தகைய ஊர்தியைப் புகழ்வண்டி என இக்கட்டுரையில் வழங்குவோம். புகழ்வண்டியால் அக்கம்பெனிக்கு ஊதியம் உண்டோ, இல்லையோ என்பதே வழக்கு. அதன் ஒளியால் ஏனைய வண்டிகளும் விலைபோகும் என்றனர் ஒரு சாரார். அது செல்வச் செருக்கேயன்றி வேறில்லை என்றனர் மற்றொரு சாரார். வழக்குத் தீருமுன் விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது. அன்று விடை காணாது துயின்ற யாம், பின்னர் நூலகத்தை நாடியபோது எட்டோரே புகாட்டியின் வாழ்க்கை எம் கண்ணிற் பட்டது. இவ்வழக்கிற்கு இருபுறத்துச் சான்றும் ஒருவர் வாழ்விலேயே அமைந்திருத்தல் கண்டு வியப்புற்றோம்.

எட்டோரே புகாட்டி 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இத்தாலி நாட்டு மிலான் நகரிற் பிறந்தார். அவர் குடி கலைஞர் குடி. தந்தையார் கார்லோ புகாட்டி, மரத்தில் அரும்பொருள் சமைப்பதில் ஐரோப்பா எங்கும் பெயர்பெற்றவர். அத்தையின் வாழ்க்கைத் துணைவர் சேகந்தீனி புகழ்பெற்ற ஓவியர். இளவல் ரெம்பிராண்ட், விலங்குகளின் உருவை வெண்கலத்தில் வடிப்பதில் இணையற்ற சிற்பியாய்ப் பின்னர் விளங்கினார். எட்டோரேயும் கலையே பயிலத் தொடங்கினார். ஆயினும் தம்பியின் கைத்திறம் தமக்கு வாராது என்பதை இளமையிலேயே உணர்ந்துகொண்டார். தன் குறையைத் தானே அறிதல் அரிது. அறிந்தபின் அதற்காக வருந்தி அமராது வேறு வழி தேடுதல் அதனினும் அரிது. அவ்விரண்டும் அவர்பால் அமைந்திருந்தன.

அக்காலத்தில் மோட்டார் வண்டி என்பது புதுமைப் பொருள். மிலான் நகரில் மிதிவண்டி முதலியன செய்த பிரினெட்டி-ஸ்டுக்கி என்னும் தொழிற்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்த எட்டோரே, எஞ்சின் பூட்டிய மூன்று சக்கர வண்டிகளிற் பழகிப் பந்தயங்களிலும் கலந்துகொண்டார். 1901ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்புமுன்னரே, குலினெல்லி உடன்பிறந்தாரின் பொருளுதவியால் தாமே ஒரு வண்டியை வகுத்து மிலான் பொருட்காட்சியில் நிறுத்தினார். அது பரிசு பெற்றது. அதனைக் கண்ட தெ தியெத்ரிக் கம்பெனியார் மறு ஆண்டு அவரை அல்சாஸ் நாட்டிற்கு அழைத்துக்கொண்டனர். அவர் அப்பொழுது உரிய வயது எய்தாதவராதலின், உடன்படிக்கையில் அவர்பொருட்டுத் தந்தையாரே கையெழுத்திட்டார். எம்மை ஒத்த வயதினர் ஒருவர் பிற நாட்டுக் கம்பெனிக்கு வண்டி வகுத்துத் தரப் புறப்பட்ட செய்தி, தேர்வுக்கு அஞ்சி நாட்கழிக்கும் எமக்குச் சிறிது நாணத்தையும் தந்தது.

பின்னர்ச் சில கம்பெனிகளில் உழைத்துவிட்டு, 1909ஆம் ஆண்டு அல்சாஸில் மோல்சைம் என்னும் சிற்றூரிற் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயப் பட்டறையை அமர்த்திக்கொண்டு, தம் பெயராலேயே தொழில் தொடங்கினார். அல்சாஸ் அப்பொழுது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. அவருடைய முதல் வண்டிகள் சிறியன, எடை குறைந்தன. பெரிய எஞ்சினே பெரிய வேகம் தரும் என உலகம் நம்பிய காலம் அது. 1911ஆம் ஆண்டு ல மான் நகரில் நடைபெற்ற பந்தயத்தில் அவருடைய சின்னஞ்சிறு வண்டி ஒன்று, பன்மடங்கு பெரிய எஞ்சின்களையுடைய வண்டிகளிடையே ஓடி இரண்டாவதாக வந்தது. அவ்வண்டியைச் செலுத்தியவர் எர்னஸ்ட் ஃபிரிடெரிக். அன்றே புகாட்டி என்னும் பெயர் மோட்டார் உலகில் ஊன்றியது.

இவ்விடத்து ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றோம். அதே ஆண்டளவில் அவர் மிகச் சிறியதும் மலிவானதுமான ஒரு வண்டியை வகுத்தார். அதனைத் தாமே கட்டாது அதன் உரிமையைப் பெஜோ கம்பெனியாருக்கு அளித்தார். குழந்தை என்னும் பொருளுடைய பெபே என்று பெயர்பெற்ற அவ்வண்டி, 1913 முதல் சில ஆண்டுகளுள் 3,000க்கு மேல் கட்டப்பட்டது. மோல்சைமிலோ, 1909 முதல் இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939 வரை முப்பது ஆண்டுகளிற் கட்டப்பெற்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 8,000 அளவினவே. எனவே, எளியோர் வாங்கத்தக்க வண்டியை வகுக்கும் அறிவு அவருக்கு இல்லாமலில்லை. அதன் ஊதியத்தைப் பிறர் கொள்ள விட்டு, அரியதையும் அழகியதையும் தமக்கென வைத்துக்கொண்டார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய புகாட்டி, நேசநாட்டார்க்கு விமான எஞ்சின் வகுத்தளித்தார். 1916ஆம் ஆண்டு, உயிரினும் இனிய தம்பி ரெம்பிராண்ட் மனம் சோர்ந்து பாரிஸ் நகரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரம் தமையனார் நெஞ்சைவிட்டு நீங்கியதேயில்லை போலும். தம்பி வடித்த யானை ஒன்று பல ஆண்டுகளுக்குப்பின் இவ்வரலாற்றில் மீண்டும் தோன்றுவதைக் காண்போம்.

போர் முடிந்தபின் அல்சாஸ் பிரெஞ்சு நாட்டோடு சேர்ந்தது. புகாட்டி மோல்சைமுக்கு மீண்டார். 1921இல் பிரெஷ்யா நகரப் பந்தயத்தில் அவருடைய வண்டிகள் முதல் நான்கு இடங்களையும் பற்றின. 1924இல் அவர் வகுத்த 35ஆம் வகை வண்டி லியோன் நகரப் பெரும் பந்தயத்தில் முதன்முதல் இறங்கியது. டயர்கள் கிழிந்தமையால் அன்று தோற்றது. ஆயினும் அடுத்த ஆண்டு தொடங்கி 1929 முடிய, சிசிலித் தீவின் கடுமலைப் பாதையில் நடைபெறும் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் ஐந்தாண்டுகளும் புகாட்டி வண்டிகளே வென்றன. மொனாக்கோ நகரில் 1929இல் நடந்த முதற்பெரும் பந்தயத்திலும் வென்றது அவ்வினத்து வண்டியே.

இங்கேதான் விடுதி வழக்கின் ஒரு பக்கத்துக்கு நல்ல சான்று கிடைக்கின்றது. இவ்வெற்றி வண்டியைப் புகாட்டி தம் வீரர்க்கெனப் பூட்டி வைத்தாரில்லை. பொருளுடையார் எவர்க்கும் விற்றார். அவ்வளவு பொருள் இல்லாதார்க்கு மற்றொரு வழியும் வகுத்தார். தோற்றத்தில் அதனையே ஒத்து, எளிய எஞ்சின் பொருந்திய வகை ஒன்றைக் குறைந்த விலைக்குக் கட்டினார். நான்கு சிலிண்டர் உடைய 37ஆம் வகையும் அதே வடிவினதாய் வந்தது. அதில் ஏறக்குறைய 290 வண்டிகள் கட்டப்பெற்றன. அதே எஞ்சினை வைத்துக் குடும்பத்தார் ஏறிச் செல்லத்தக்க 40ஆம் வகையை 800 அளவிற் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வென்ற வண்டியைக் கண்டவன், திங்கட்கிழமை கடைக்குச் சென்றால், அவன் கைப்பொருளுக்கு ஏற்ற ஏதோ ஒன்று அங்கே இருந்தது. உச்சியில் ஏற்றிய விளக்கின் ஒளி படிப்படியாகக் கீழிறங்கி வாயில்வரை வந்தது. புகழ்வண்டியால் ஊதியம் உண்டு என்பார்க்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் புகாட்டியின் உள்ளம் அவ்வளவில் அமைதியுறவில்லை. விருந்தொன்றில் ஓர் ஆங்கில மாது, விரைவுக்குப் புகாட்டி வண்டியும் பெருமிதத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் வண்டியுமே சிறந்தன எனக் கூறினார் என்றும், அச்சொல் அவர் நெஞ்சில் தைத்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1926ஆம் ஆண்டு உலகில் எவரும் கண்டிராத பெருவண்டி ஒன்றை அவர் கட்டத் தொடங்கியது உண்மை. அதுவே 41ஆம் வகை. அரசர்க்குரியது என்னும் பொருள்பட அதனை ரோயால் என்றனர்.

அதன் அளவைக் கூறினால் நம்புதல் அரிது. அதன் நீளம் ஏறக்குறைய 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைவெளி 4.3 மீட்டர். எட்டுச் சிலிண்டர் கொண்ட எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர், நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சிறு கார்கள் பத்தின் எஞ்சினை ஒருங்கு சேர்த்தாற்போல்வது. முகப்பில் துதிக்கையை உயர்த்திப் பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் யானை ஒன்று அணிசெய்தது. அது மறைந்த தம்பி ரெம்பிராண்ட் வடித்த உரு. உலகோர்க்கு அது ஓர் அணி. தமையனார்க்கு நினைவுச் சின்னம்.

மேற்கூடு இன்றி அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் ஏறக்குறைய 30,000 டாலர் விலை. அக்காலத்து அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியாரின் ஏ வகை வண்டி 500 டாலர் அளவிற் கிடைத்தது. எனவே ஒரு ரோயாலின் வெற்றுச் சட்டத்து விலைக்கு அறுபது ஃபோர்டு வண்டிகள் வாங்கலாம். இத்தகைய வண்டிகள் 25 கட்டி முடிமன்னர்க்கு விற்பது புகாட்டியின் கருத்து. ஆனால் காலம் அவர் கருத்துக்கு இணங்கவில்லை. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஐரோப்பாவையும் வந்து தாக்கியது. வாங்குவார் என எதிர்பார்க்கப்பட்ட ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ, 1931இல் தம் அரியணையையே இழந்து நாட்டைவிட்டு நீங்கினார். அதே ஆண்டில், பாரிஸிலிருந்து திரும்பும் வழியில் உறக்கம் மேலிட்டு, முதல் ரோயாலைத் தாமே மோதிச் சிதைத்துவிட்டார் புகாட்டி; உயிர் பிழைத்தது பேறே.

முடிவில் கட்டப்பெற்றவை ஆறே. அவற்றுள் வெளியார்க்கு விலையானவை மூன்றே. வாங்கிய மூவருள் ஒருவரேனும் மன்னர் அல்லர்; ஒருவர் ஆடை வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஜெர்மானிய மருத்துவர், ஒருவர் ஆங்கிலச் செல்வர். அவருள் பிரெஞ்சுக்காரராகிய எஸ்டெர்ஸ், இரவில் வண்டி ஓட்டுவதில்லையாதலின் முன்விளக்கே வேண்டாவென்று கட்டச் செய்தார். உலகில் மிக்க விலையுடைய வண்டி விளக்கின்றிச் சென்றது.

முன்னர் வென்ற புகழ் ஊதியமாய்க் கனிந்ததும், ரோயாலின் புகழ் கடனாய் முடிந்ததும் எதனால்? பொருளாதார வீழ்ச்சியே காரணம் என்பார் பலர். அது மெய்யே; எனினும் முழு மெய்யன்று என்பது எம் கருத்து. 35ஆம் வகைக்குக் கீழே அதன் உருவையும் உறுப்பையும் பகிர்ந்துகொண்ட எளிய வண்டிகள் இருந்தன. ரோயாலுக்குக் கீழே அத்தகைய எளிய வண்டி இல்லை. அதனைக் கண்டு வியந்தவன் வியந்தபடியே வீட்டுக்குச் செல்லவேண்டியதுதான்.  ஒளி இருந்தது, அது விழ நிலம் இல்லை.

ஆயினும் இவ்வரலாறு ஈண்டு முடிந்திலது. விலைபோகாத வண்டிகளுக்கென வகுத்த பேரெஞ்சின் கைவசம் இருந்தது. தொழிலாளர்க்கோ வேலை குறைந்துகொண்டிருந்தது. புகாட்டி சாலையை விட்டுத் தண்டவாளத்தை நோக்கினார். காற்றைக் கிழித்துச் செல்லுமாறு முனை சாய்ந்த ரெயில் மோட்டார் வண்டி ஒன்றை வகுத்து, ரோயால் எஞ்சின்கள் நான்கை அதனுட் பொருத்தினார். ஓட்டுநர் வண்டியின் நடுவில், கூரைக்கு மேல் உயர்ந்த ஒரு கூண்டில் அமர்ந்து இருபுறமும் நோக்குவார். 1933ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அல்பேர் லெப்ருன் அதில் ஏறிச் செர்பூர்த் துறைமுகம் சென்றார். அவ்வாண்டே பாரிஸுக்கும் தோவில் நகருக்கும் இடையே மக்கள் அதிற் பயணம் செய்தனர். சோதனை ஓட்டத்தில் அவ்வினத்து வண்டி மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் விரைந்தது. ஏறக்குறைய 80 ரெயில் வண்டிகள் மோல்சைமிற் கட்டப்பட்டன. அவை 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதிவரை உழைத்தன. மன்னர் ஒருவரேனும் வாங்காத எஞ்சின், சீட்டு வாங்கிய மக்கள் ஆயிரவரைச் சுமந்தது. தொழிற்சாலையின் அடுப்பு அணையாமற் காத்ததும் அதுவே.

புகாட்டியின் பிற்கால வாழ்வு துன்பம் நிறைந்தது. தொழிலாளரைத் தம் குடும்பத்தார்போற் கருதிய அவர், 1936இல் பிரெஞ்சு நாடெங்கும் பரவிய வேலைநிறுத்தம் தம் சாலையுள்ளும் புகுந்தபோது மனம் நைந்தார். மூத்த மகன் ழானிடம் பொறுப்பை விட்டுப் பாரிஸிலேயே பெரும்பாலும் தங்கினார். ழான் தந்தைக்கேற்ற தனயர். அழகிய மேற்கூடு வகுப்பதில் தந்தையாரையும் விஞ்சியவர். 1937இலும் 1939இலும் ல மான் நகரத்து இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் புகாட்டி வண்டி வென்றது. அவ்விரண்டாம் வெற்றிக்கு இரு திங்கள் கழியுமுன், 1939 ஆகஸ்டு 11ஆம் நாள், வென்ற அவ்வண்டியை மோல்சைமுக்கு அருகே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ழான். வழியில் மிதிவண்டியில் வந்த ஒருவர் குறுக்கிட, அவரைக் காக்க வண்டியைத் திருப்பி, மரத்தில் மோதி உயிர்நீத்தார். அவருக்கு அகவை முப்பது.

மகனை இழந்த திங்களை அடுத்து உலகப்போர் மூண்டது. தொழிற்சாலையை ஜெர்மானியர்க்கு விற்குமாறு புகாட்டி நெருக்கப்பட்டார். போர் முடிந்தபின் பிரெஞ்சு அரசாங்கம் அவ்விற்பனையையும் அவருடைய இத்தாலியக் குடியுரிமையையும் காட்டிச் சாலையைக் கைப்பற்றிக்கொண்டது. அவர் நீதிமன்றம் ஏறி வழக்காடினார். 1947இல் தீர்ப்பு அவர் பக்கமே ஆயிற்று. ஆயின் அதற்குள் அவர் நோய்வாய்ப்பட்டு அறிவு மயங்கியிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகே உயிர் துறந்தார். மோல்சைமை அடுத்த டோர்லிசைம் என்னும் ஊரில் மகனார் துயிலும் இடத்தே அவரும் துயில்கின்றார். தலைவரும் இளவரசும் இன்றிய சாலை சில ஆண்டுகள் தள்ளாடி, பின்னர்ப் பிறர் கைப்பட்டது.

அவர் மறைந்தபின் ரோயால் வண்டிகளின் நிலை என்ன ஆயிற்று என்பது கேட்கத்தக்கது. ஆறும் அழியாதிருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1987ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் 55 இலட்சம் பவுனுக்கு விலையாயிற்று. அந்நாளில் அதற்குமுன் எவ்வண்டியும் ஏலத்தில் அவ்விலை பெற்றதில்லை. ஆனால் அப்பொருளில் ஒரு காசேனும் கட்டியவர் குடும்பத்துக்கோ மோல்சைம் தொழிலாளர்க்கோ சேரவில்லை. 1998இல் ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் கம்பெனியார் புகாட்டி என்னும் பெயரை விலைக்கு வாங்கினர். 2005இல், ல மான் வீரர் ஒருவர் பெயரால் வேரோன் என்னும் வண்டியை வெளியிட்டனர். அது 1,001 குதிரைத்திறன் உடையது. மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் விரைவது. மொத்தம் 450 வண்டிகள் கட்டப்பெற்றன. விற்ற ஒவ்வொன்றிலும் அவர்கட்குப் பல இலட்சம் யூரோ இழப்பு நேர்ந்திருக்கும் எனக் கணக்கறிந்தார் மதிப்பிட்டனர். ஆண்டுதோறும் பல இலட்சம் எளிய வண்டிகள் விற்கும் பெருங்குடியாதலின் அவர்கள் அவ்விழப்பைத் தாங்கினர். தனியொருவராய் நின்ற எட்டோரேவுக்குத் தாங்கும் தோள் இல்லை.

இனி, எம் விடுதி வழக்குக்கு யாம் கண்ட விடையைக் கூறி அமைவோம். புகழ்வண்டியால் ஊதியம் உண்டோ என்னும் வினாவுக்கு உண்டென்றும் இல்லையென்றும் ஒரு சொல்லில் விடையிறுத்தல் பொருந்தாது. அதன் ஒளி விழுதற்குரிய எளிய பொருள் அதே மனையில் இருக்குமாயின் உண்டு. அதற்கென வகுத்த எஞ்சினும் அறிவும் வேறொரு பயனுக்கு இறங்கி வருமாயின் உண்டு. இரண்டும் இல்லையேல், புகழ் எஞ்சும், பொருள் எஞ்சாது. இவ்விடை இரு சாரார்க்கும் முழுவெற்றி தாராது. ஆதலின் வழக்கு மீண்டும் தொடங்கினாலும் தொடங்கும். ஆயினும் மலிவென்று எண்ணிப் பெபே வண்டியைப் பிறர்க்கு ஈந்துவிட்டு, அரியதென்று எண்ணி ரோயாலைத் தாமே சுமந்த அப்பெரியாரை இகழ எமக்கு மனம் வரவில்லை. அழகின்மேல் வைத்த காதலால் இழந்தாரேயன்றிச் சோம்பலாலும் சூழ்ச்சியாலும் இழந்தாரில்லை.

அல்சாஸ் நாட்டு மூலூஸ் நகரில் இரண்டு பொருட்காட்சிச் சாலைகள் உள்ளன. ஒன்று மோட்டார் வண்டிகளுக்கு உரியது. அங்கே ரோயால் வண்டிகள் இரண்டு, யானை துதிக்கை உயர்த்த, பளபளவென்று நிற்கின்றன. மற்றொன்று ரெயில் வண்டிகளுக்கு உரியது. அங்கே புகாட்டியின் ரெயில் மோட்டார் ஒன்று நிற்கின்றது. புகாட்டி என்னும் பெயரைக் கேட்டுச் செல்வோர் முதற்சாலையையே பெரும்பாலும் நாடுவர். அப்பெயர் அழியாதிருக்கச் செய்தது முதற்சாலையில் நிற்பது. அவர் தொழிலாளர்க்குச் சோறிட்டது இரண்டாம் சாலையில் நிற்பது. இரண்டின் உள்ளும் இருப்பது ஒரே எஞ்சின்.